நூட்டானில் இறங்கியவர்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் மலர்க்குழு இளைஞர்கள் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சாப்பாடு தயாராக இருக்கிறது, வாசம் இங்கேயே வருகிறது. அதனால் நீட்ட மாட்டோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மலர்க்குழுவில் இருக்கும் நாங்கள் மூவரும் வரலாறு படித்தவர்கள் இல்லை. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு வியாபாரத்துக்கு வந்தவர்கள். காலையில் சாமான் இறக்குவது, மதியம் பில் போடுவது, இரவில் வராத பணத்தைக் கேட்டு போன் போடுவது, இதுதான் எங்கள் வேலை. பொன்விழா மலருக்கு விளம்பரம் சேகரிக்கத்தான் எங்களைச் சேர்த்தார்கள். விளம்பரம் சேகரித்தோம். கூடவே பிழை திருத்தும் வேலையும் தலையில் விழுந்தது. அப்படித் திருத்தும்போதுதான் ஒரு வரியில் மாட்டிக்கொண்டோம்.

நம் சங்கத்தைத் தொடங்கியவர்களில் மூத்தவரைப் பற்றிய கட்டுரை அது. பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேர் அவர் கையால் காசு வாங்கி மிட்டாய் தின்றவர்கள்தான். அதில் இப்படி ஒரு வரி இருந்தது: '1928ஆம் ஆண்டு தமது பதினைந்தாவது வயதில் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தில் வந்து இறங்கி, கால்நடையாகவே டன்லப் தெருப் பள்ளிவாசலை அடைந்தார்.'

அழகான வரிதான். இருபத்தைந்தாம் ஆண்டு மலரிலும் அதே வரி இருக்கிறது. அவர் மறைந்தபோது வந்த இரங்கல் குறிப்பிலும் அதேதான். ஒரு சிக்கல். 1928இல் தஞ்சோங் பகாரில் ரயில் நிலையமே கிடையாது. அந்த நிலையத்தை அப்போதைய ஆளுநர் சர் செசில் கிளமெண்டி திறந்துவைத்தது 1932 மே 2ஆம் தேதி.

கடையில் சரக்கு வந்த தேதி ஒன்று, ரசீதில் இருக்கும் தேதி வேறு என்றால் என்ன செய்வோம்? இரண்டில் ஏதோ ஒன்று தவறு. இங்கேயும் அப்படித்தான். வருடம் தவறு, இல்லையென்றால் நிலையம் தவறு. வருடம் தவறென்றால் சும்மா இல்லை. அவர் பதினைந்து வயதில் வந்தார், கடையில் எடுபிடியாக நின்றார், இத்தனை வருடத்தில் சொந்தக் கடை வைத்தார் என்று அந்தக் கட்டுரையில் உள்ள கணக்கு முழுக்க அந்த ஒரு வருடத்தின் மேல்தான் நிற்கிறது. அதை உருவினால் எல்லாம் சரியும்.

இதைக் குழுவில் சொன்னபோது நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறோம். ஒரு பெரியவர், 'தம்பிகளா, நிலையத்தின் பெயரை எடுத்துவிட்டு, சிங்கப்பூர் வந்தார் என்று போட்டுவிடுங்கள், யாருக்கும் மனவருத்தம் வேண்டாம்' என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் விஷயம் அதற்குள் அவருடைய மூத்த மகனின் காதுக்குப் போய்விட்டது. அவர் எங்களைக் கடைக்கே கூப்பிட்டு அனுப்பினார். போனோம். 'அத்தா சொன்னதைப் பொய் என்கிறீர்களா?' என்று ஒரே கேள்வி. பதில் சொல்ல வாய் வரவில்லை. தேத்தண்ணி கொடுத்தார், குடித்துவிட்டு வந்துவிட்டோம். அன்று இரவு எங்களுக்குள் பேசி முடிவு செய்தோம்: பெயரை எடுத்துவிட்டால் அவர் கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று சொன்னதாகத்தான் ஆகும். தேடிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

தேடியதில் தெரிந்ததைச் சொல்கிறோம். எங்களைப் போலவே உங்களில் பலருக்கும் புதிதாக இருக்கலாம்.

சிங்கப்பூரில் ரயில் என்றால் நம் மனத்தில் வருவது தஞ்சோங் பகார்தான். நம் ஊர்க்காரர்கள், கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், துறைமுக வேலைக்காக அந்த வட்டாரத்திலேயே குடியிருந்தார்கள். மாவு இடித்தும் மசாலா அரைத்தும் பிள்ளைகளை வளர்த்த தாய்மார்கள் அங்கேதான் இருந்தார்கள். ஸ்டேஷன் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. ஆனால் அது இந்தத் தீவின் முதல் ஸ்டேஷன் இல்லை.

இங்கே ரயில் முதன்முதலில் ஓடியது 1903 ஜனவரி 1ஆம் தேதி. சிங்கப்பூர் - கிராஞ்சி ரயில்வே என்று பெயர். நகரத்து நிலையம் இருந்த இடம் டேங்க் ரோடு, ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரம். தைப்பூசத்தன்று காவடிகள் போய்ச் சேரும் செட்டியார் கோயில் இருக்கிறதே, 1859இல் கட்டியது, அந்தப் பக்கம்தான். அங்கிருந்து கிளம்பிய வண்டி ஆர்ச்சர்ட் ரோட்டைப் பாலத்தின்மேல் கடந்து, நியூட்டன், குளூனி, ஹாலந்து ரோடு வழியாகப் புக்கிட் தீமா வரை போனது. அதே வருடம் ஏப்ரலில் பாதை உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அதற்கப்பால் கடல். ஜொகூர் பாருவுக்குப் போக வேண்டியவர்கள் இறங்கிப் படகு ஏற வேண்டும். 1909இல் ஜொகூர்ப் பக்கத்துப் பாதை முழுமையானதும் வடக்கே பினாங்குக்கு எதிர்க்கரை வரை ரயிலில் போக முடிந்தது. ஆனாலும் நடுவில் இந்த ஒரு துண்டுத் தண்ணீர் இருந்துகொண்டே இருந்தது.

1907இல் டேங்க் ரோட்டிலிருந்து தெற்கே பாசிர் பாஞ்சாங் வரை இன்னொரு துண்டு போட்டார்கள். அது சில வருடங்களிலேயே போய்விட்டது. அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

டேங்க் ரோட்டுக்கு அடுத்த நிறுத்தம் நியூட்டன். இன்று நியூட்டன் என்றால் உங்களுக்கு உணவங்காடிதான் ஞாபகம் வரும், இறால் விலையும் ஞாபகம் வரும். அந்த உணவங்காடி 1971இல் வந்தது. அதற்கும் ஏறத்தாழ நாற்பது வருடத்துக்கு முன்பே அந்த வட்டாரத்தில் இருந்த ரயில் நிலையம் மூடிவிட்டது. பெயரைப் பார்த்து ஆப்பிள் விழுந்த ஐசக் நியூட்டன் என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் இல்லை. நகராட்சியில் வேலை பார்த்த ஹாவர்ட் நியூட்டன் என்ற பொறியாளரின் பெயர் அந்தச் சாலைக்கு வந்து, சாலையிலிருந்து வட்டாரத்துக்கு வந்தது.

அந்தக் காலத்து நியூட்டன் நகரம் இல்லை, நகரத்தின் ஓரம். தோட்ட வீடுகள், துரைமார் பங்களாக்கள். இன்றைய வார்த்தையில் சொன்னால் புறநகர். அங்கே ஒரு சின்ன ஸ்டேஷன். அது 1903இல் திறந்து 1932இல் மூடியது. இருபத்தொன்பது வருடம். ஒரு மனிதருக்கு அது இளம் வயது. ஒரு ரயில் நிலையத்துக்கு அதைவிடவும் குறைவு.

ஏன் மூடினார்கள் என்பது சுவாரசியமான கதை, இதில் கொஞ்சம் நிற்கிறோம். டிப்ளோமாவில் படித்தது இங்கேதான் உதவியது.

காரணம் கடற்பாலம். 1919இல் வேலை தொடங்கி, 1923 செப்டம்பரில் சரக்கு வண்டிகளையும் அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்து பயணிகள் வண்டிகளையும் விட்டார்கள். முறையான திறப்பு விழா 1924 ஜூன் 28. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், கருங்கல்லைக் கொட்டிக் கடலை நிரப்பி, மேலே ஒரு சாலையும் இரண்டு தண்டவாளங்களும். அதுவரை உட்லண்ட்ஸில் இறங்கிப் படகேறிய கூட்டமும், மிதவையில் ஏற்றி இறக்கிய சரக்கும் இப்போது நேராக உள்ளே வரத் தொடங்கின. ரப்பர், ஈயம், அரிசி எல்லாம்.

நேராக வந்து எங்கே நின்றது? டேங்க் ரோட்டில். துறைமுகம் இருப்பதோ தஞ்சோங் பகாரில். ஏற்றுமதிக்காக வரும் சரக்கு ஊர் நடுவே வந்து நின்றுவிட்டால், அங்கிருந்து மாட்டுவண்டியிலும் லாரியிலும் மறுபடி ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு முறை ஏற்றி இரண்டு முறை இறக்கினால் லாபம் எங்கே போகும் என்பதை இங்கே இருக்கும் வியாபாரிகளுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அது ஒன்று. இன்னொன்று, பழைய பாதை பல சாலைகளைத் தரைமட்டத்திலேயே வெட்டிக்கொண்டு போனது. நாளுக்கு நாலு வண்டி போகிற காலத்தில் கேட்டைப் போட்டு நிறுத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். வண்டி நீளமாகி, அடிக்கடி வரத் தொடங்கி, எதிரே மோட்டார் காடிகளும் பெருகிவிட்டால் ஊரே நிற்கும். இதற்கு நடுவே கொசு பஸ் என்று கேலியாகச் சொன்ன ஏழு பேர் உட்காரும் குட்டி பஸ்கள் புற்றீசல் போலக் கிளம்பின. 1926இல் டிராலி பஸ்களும் வந்தன. கையைக் காட்டினால் நிற்கும் பஸ் இருக்கும்போது நியூட்டனிலிருந்து டேங்க் ரோட்டுக்கு யார் ரயிலுக்காகக் காத்திருப்பார்கள்?

அதனால் பாதையைத் திருப்பினார்கள். புக்கிட் தீமாவுக்கு அருகே பழைய பாதையை விட்டுப் பிரிந்து, மேற்குப் பக்கமாகச் சுற்றி, சாலைகளுக்கு மேலே பாலம் போட்டு, நேராகத் துறைமுக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். புக்கிட் தீமா சாலைக்கு மேலே கறுப்பாக நிற்கும் இரும்புப் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அந்தத் திருப்பத்தின் பாலம். நாம் படம் எடுத்துக்கொள்ளும் புக்கிட் தீமா ஸ்டேஷனும் 1932இல் அப்படி வந்ததுதான். முனையத்தில் எழுந்தது தஞ்சோங் பகார் நிலையம். முகப்பில் ஆஞ்செலோ வன்னெட்டி என்ற இத்தாலியச் சிற்பி செய்த நாலு பளிங்குச் சிலைகள், விவசாயம், வாணிகம், போக்குவரத்து, தொழில் என்று நாலு பேர். வாணிகமும் அதில் ஒருவர் என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

புதிய பாதை திறந்ததும் டேங்க் ரோடு, நியூட்டன், குளூனி, ஹாலந்து ரோடு நிலையங்களுக்கு வேலையில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். ஆர்ச்சர்ட் ரோட்டுப் பாலமும் போயிற்று. இன்று அங்கே போய்த் தேடினால் ஒரு கல்கூட அகப்படாது. நாங்கள் தேடினோம்.

சரி, இதுவரை தெரிந்தது என்ன? 1928இல் ஒருவர் ரயிலில் வந்து இறங்கியிருந்தால் தஞ்சோங் பகாரில் இறங்கியிருக்க முடியாது. டேங்க் ரோட்டிலோ, வழியில் உள்ள நிலையத்திலோதான் இறங்கியிருக்க முடியும். வருடத்தில் பிழை இல்லாமலே நிலையத்தில் பிழை வந்திருக்க வழி இருக்கிறது. எப்படி வந்திருக்கும் என்பதும் ஊகிக்க எளிதுதான். ரயில் என்றாலே தஞ்சோங் பகார் என்று ஆகிவிட்ட பிறகு எழுதினவர், 'ரயிலில் வந்து இறங்கினேன்' என்று அவர் சொன்னதைக் கேட்டு, தானாக நிலையத்தின் பெயரைச் சேர்த்திருப்பார். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. ஆனால் இது ஊகம். ஊகத்தோடு மூத்த மகன் முன்னால் போய் உட்கார எங்களுக்குத் தைரியம் இல்லை.

அப்போதுதான் எங்களில் ஒருவரின் அம்மா, 'மகனிடம் கேட்கிறீர்களே, மகளிடம் கேட்டீர்களா?' என்றார். உண்மையில் அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. நம் சங்கத்து மலர்களைப் புரட்டிப் பாருங்கள், மகள்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய மகள், நாங்கள் மாமி என்று கூப்பிடுவோம், எண்பதைத் தாண்டியவர். பிடோக்கில் மகளோடு இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரம் கேட்டுக்கொண்டு போனோம். எங்கள் கேள்வியை நேராகக் கேட்கவில்லை, முன்கூட்டியே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடக் கூடாது என்று பயம். 'மாமி, அத்தா முதன்முதலில் இங்கே வந்த கதையைச் சொல்லுங்கள்' என்று மட்டும் கேட்டோம்.

மாமி சொன்னதை அப்படியே தருகிறோம். 'அத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கினாங்க. கூலாயில் ஒரு கடையில் ஒரு வருசம் நின்னாங்க. அங்கே சரிப்படலை. ரயிலேறி இங்கே வந்தாங்க. கடைசி வரைக்கும் போகாதே, அதுக்கு முன்னாடியே இறங்கிடு, இறங்கி நேரே வாய்க்கால் ஓரமா நடன்னு ஊர்க்காரர் ஒருத்தர் சொல்லி அனுப்பியிருந்தாராம். அத்தா நூட்டான்கிட்ட இறங்கினாங்க. தகரப் பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு நடந்தே பள்ளிவாசலுக்குப் போனாங்க.'

'நூட்டான்கிட்டயா?'

'ஆமா. நூட்டான்கிட்ட இறங்கினேன், நூட்டான்கிட்ட இறங்கினேன்னு சொல்லுவாங்க. யாரோ துரை, அவரு பங்களாகிட்ட வண்டி நிக்கும்போலன்னு நாங்க சின்ன வயசில நினைச்சுக்குவோம். நூட்டான் துரை நல்லவராத்தான் இருக்கணும்னு அம்மா சொல்லுவாங்க.'

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கையில் இருந்த பிஸ்கட் தேத்தண்ணிக்குள் விழுந்துவிட்டது, அதை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

இதில் எங்களுக்குப் பட்டதைச் சொல்கிறோம், நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மாமிக்கு விவரம் தெரிந்த காலத்தில் நியூட்டனில் ரயில் நிலையம் கிடையாது. அவர் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். இடத்தின் பெயர் என்றுகூட அவருக்குப் புரியவில்லை, ஆள் பெயர் என்றுதான் நினைத்திருக்கிறார். அப்படியிருக்க, ரயிலையும் நியூட்டனையும் சேர்த்து ஒரு கதை அவராக எப்படிக் கட்டுவார்? யாராவது கட்டுவதாக இருந்தால் எல்லோருக்கும் தெரிந்த தஞ்சோங் பகாரை வைத்துத்தான் கட்டுவார்கள். புரியாத ஒரு சொல்லைப் புரியாமலே எழுபது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். அதனால்தான் அது கெடாமல் இருந்தது.

மறுவாரம் நாங்கள் நடந்து பார்த்தோம். நியூட்டன் சர்க்கஸிலிருந்து புக்கிட் தீமா சாலையில் கால்வாய் ஓரமாகவே கிழக்கே வந்தால் கே.கே. ஆஸ்பத்திரியின் பழைய இடம், எதிரே தேக்கா. அங்கிருந்து சிராங்கூன் சாலையைத் தாண்டினால் டன்லப் தெரு, அப்துல் கபூர் பள்ளிவாசல். வழியில் எங்கேயும் பெரிதாகத் திரும்ப வேண்டியதில்லை. ஊர் தெரியாத பதினைந்து வயதுப் பையனுக்குச் சொல்ல இதைவிட எளிய வழி இருக்காது. வாய்க்கால் ஓரமாக நட என்றால் போதும். அரைமணி நேரத்துக்குள் போய்விட்டோம், அதில் பத்து நிமிடம் சிக்னலில் நின்றது. அவர் நடந்த 1928இல் பழைய தேக்கா மார்க்கெட் இருந்தது. கே.கே.வில் பிரசவ ஆஸ்பத்திரி வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. பள்ளிவாசலும் இன்று நாம் பார்க்கும் அதே கட்டடம்தான். டேங்க் ரோடு வரை போயிருந்தால் முன்பின் தெரியாத ஊரின் நடுவே இறங்கி வழி கேட்டுத் திண்டாடியிருப்பார். ஒரு ஸ்டேஷன் முன்னதாக இறங்கு என்று சொல்லி அனுப்பிய அந்த ஊர்க்காரர் யாரோ, விவரமான ஆள்.

தஞ்சோங் பகாரிலிருந்தும் நடந்து பார்த்தோம், நியாயமாக இருக்க வேண்டுமே. தகரப் பெட்டி இல்லாமலே எங்களுக்கு மூச்சு வாங்கியது. எங்கள் மூவரில் ஒருவர் பாதியில் பஸ் ஏறிவிட்டார், பெயர் சொல்ல மாட்டோம்.

நடந்து வந்தபோது இன்னொன்றும் கவனித்தோம். 2015 டிசம்பரில் திறந்த டௌன்டவுன் பாதையின் இரண்டாம் கட்டத்தை வரைபடத்தில் பாருங்கள். நியூட்டன், பொட்டானிக் கார்டன்ஸ், அப்புறம் புக்கிட் தீமா சாலையின் கீழேயே போய் புக்கிட் பாஞ்சாங். 1903இல் போட்ட பாதையும் ஏறத்தாழ இந்த வழியில்தான் போனது. குளூனி நிலையம் இருந்த வட்டாரத்தில் பொட்டானிக் கார்டன்ஸ் நிலையம். வேண்டாம் என்று பெயர்த்து எறிந்த பாதையை எண்பது வருடம் கழித்து பூமிக்குக் கீழே மறுபடி போட்டிருக்கிறார்கள். நாங்கள் தினமும் அதில் போய்வந்துகொண்டு, தெரியாமலே இருந்திருக்கிறோம்.

தஞ்சோங் பகார் நிலையமும் இப்போது இல்லை. 2011 ஜூன் 30 இரவு கடைசி வண்டி கிளம்பியது. ஜொகூர் சுல்தானே எஞ்சினை ஓட்டிப்போனார். அப்போது எங்களுக்கு இருபதுகளின் தொடக்கம். கூட்டத்தோடு கூட்டமாக நின்று படம் எடுத்தோம். எங்களில் ஒருவரின் வீட்டுக்கு அது வேடிக்கை இல்லை, அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு மசாலாவும் அரிசியும் கொடுத்துவந்தவர்கள். இரவு வண்டிக்கு வரும் கூட்டத்தை நம்பி நடந்த கடைகள் ஒவ்வொன்றாக இடம் மாறியதும் அந்த வரவு அப்படியே நின்றது. அவர் அத்தா கடனை அடைக்க மூன்று வருடம் பிடித்தது. அந்தக் கட்டடத்தையாவது நினைவுச்சின்னமாக அறிவித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். புக்கிட் தீமா ஸ்டேஷனைப் புதுப்பித்து 2022இல் மக்களுக்குத் திறந்தும் விட்டார்கள். தண்டவாளம் போன 24 கிலோமீட்டரில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். நியூட்டன் ஸ்டேஷனுக்கு அதுவும் இல்லை. அதை நினைவில் வைத்திருந்தது, எங்களுக்குத் தெரிந்து, பிடோக்கில் நாலாவது மாடியில் இருக்கும் ஒரு மாமி. அவருக்கும் அது ஸ்டேஷன் என்று தெரியாது.

இனி, மலரில் என்ன போட்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறோம். குழுவில் மறுபடி பேச்சு எழுந்தது. கையில் டிக்கெட் இல்லை, கடிதம் இல்லை, ஒரு முதியவரின் ஞாபகத்தை வைத்து அச்சிட்ட வரியை மாற்றுவதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். முந்தைய வரிக்கு மட்டும் என்ன டிக்கெட் இருந்தது என்று நாங்கள் கேட்டோம். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது, அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். கடைசியில் தலைவர், மூத்த மகன் சம்மதித்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று முடித்துவிட்டார்.

மறுபடி அவர் கடைக்குப் போனோம். இந்த முறை மாமியையும் அழைத்துக்கொண்டு போனோம். மாமி, தம்பியிடம் கதையை மறுபடி சொன்னார், நூட்டான் துரை வரைக்கும். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, 'அது எனக்கும் தெரியும் அக்கா. நியூட்டன்ல இறங்கினேன்னு என்கிட்டயும் சொல்லியிருக்காங்க. பஸ்ஸில வந்து இறங்கினதைச் சொல்றாங்கன்னு நான் நினைச்சேன்' என்றார். அவர் பையனாக இருந்தபோது நியூட்டனில் பஸ்தான் நின்றது. அவர் அப்படித்தானே நினைப்பார்.

மலரில் இப்போது இப்படி இருக்கிறது: '1928ஆம் ஆண்டு தமது பதினைந்தாவது வயதில், பின்னாளில் மூடப்பட்ட நியூட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி, கால்நடையாகவே டன்லப் தெருப் பள்ளிவாசலை அடைந்ததாக அவருடைய மக்கள் நினைவுகூர்கிறார்கள்.' மக்கள் என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். முதல் அச்சுப்படியில் 'மகன்' என்று விழுந்திருந்தது. அந்தப் பிழையை மட்டும் எங்களுக்கு முன்பே அவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தார், பச்சை மையில்.

மலர் அச்சுக்குப் போன அன்று மாலை அவரே எங்களுக்கு போன் செய்து, அந்த இடத்தைக் காட்ட முடியுமா என்று கேட்டார். காடியில் கூட்டிக்கொண்டு போனோம். நியூட்டன் சர்க்கஸ் பக்கம் நிறுத்த இடம் கிடைக்காமல் இரண்டு சுற்று சுற்றினோம். இறங்கிப் பார்த்தால் மேம்பாலம், உயர்ந்த வீடுகள், உணவங்காடியிலிருந்து சாத்தே புகை, வேறொன்றுமில்லை. எந்தப் பக்கம் என்று கேட்டார். ஸ்டேஷன் இந்த வட்டாரத்தில்தான் இருந்தது, நடந்துபோனது இப்படி, என்று கால்வாய்ப் பக்கம் கையைக் காட்டினோம். மழை தூறத் தொடங்கியது. காடியில் ஏறுங்கள் மாமா, தேக்காவில் இறக்கிவிடுகிறோம் என்றோம்.

'நீங்க போய் அங்கே நில்லுங்க தம்பி,' என்றார். 'நான் நடந்து வர்றேன்.'